ஒரே வினைச்சொல், வேறு வேறு விளைவுகள்: தாராவி ஆவணங்களில் 'கிளியர்' எதைக் குறிக்கிறது?

மும்பை: "ஃபைல் கிளியர் ஆகிவிட்டது" என்பது தாராவியில் வசிக்கும் ஒரு குடும்பத்துக்கு நற்செய்தி. வீடு கோரிய அதன் விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டது என்று பொருள். "இடம் கிளியர் ஆகிவிட்டது" என்பதோ, அக்குடும்பம் குடியிருந்த வீடு இப்போது அங்கே இல்லை என்று அறிவிக்கும் செய்தி. இரண்டு வாக்கியங்களிலும் வினைச்சொல் ஒன்றே. அது எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது என்பதுதான் பொருளைத் தீர்மானிக்கிறது.

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கான வீடுவாரிக் கணக்கெடுப்பு 2024 மார்ச் மாதம் தொடங்கியது. அதன்பின் அறிவிப்புகள், தகுதிப் பட்டியல்கள், ஒப்பந்தங்கள் எனப் பலவகைத் தாள்கள் அப்பகுதி மக்களின் கைகளுக்கு வருகின்றன. அவை மராத்தியிலோ ஆங்கிலத்திலோ அமைந்தவை. தமிழர்கள் பெருமளவில் வாழும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் அவற்றைத் தமிழில் புரிந்துகொள்ள முயல்வோர் முதலில் தடுமாறும் சொற்களில் ஒன்று 'கிளியர்'. அச்சொல்லின் பொருள்கள் எவை, சட்டம் அதனை எவ்வாறு கையாள்கிறது, வாசிப்போர் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பல பொருள் ஒரு சொல்

ஆங்கிலத்தில் எளிய வினைச்சொற்களுக்கே பொருள்கள் அதிகம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் 'செட்' என்ற வினை 430 பொருள்களுடன் மிக நீண்ட பதிவாக விளங்கியது. பின்னர் அகராதி திருத்தப்பட்டபோது 'ரன்' என்ற வினை 645 பொருள்களுடன் அதனை முந்தியது. அகராதி ஆசிரியர் பீட்டர் கில்லிவர் அந்த ஒரு வினையைத் தொகுப்பதற்கே சுமார் ஒன்பது மாதங்கள் செலவிட்டார்.

இது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய இயல்பன்று. தமிழில் மீனைப் பிடிக்கிறோம், பேருந்தைப் பிடிக்கிறோம், மழை பிடித்துக்கொள்கிறது, சம்பளத்தில் ஒரு தொகையைப் பிடிக்கிறார்கள், சிலரை நமக்குப் பிடிக்கிறது. தமிழர் எவரும் இவற்றில் குழம்புவதில்லை. உடன் வரும் சொற்கள் பொருளை உணர்த்திவிடுகின்றன. வேறொரு மொழியின் சொல்லைச் சட்ட ஆவணத்தில் எதிர்கொள்ளும்போதுதான் அந்த உதவி குறைந்துபோகிறது.

'கிளியர்' தரும் பொருள்கள்

ஒளி மிக்க, தெளிவான என்ற பொருளுடைய 'கிளாருஸ்' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து, பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது 'கிளியர்'. முதலில் பெயரடையாக வழங்கி, பின்னர் வினையாகவும் ஆனது. தெளிவாக்குவதற்கு இடையில் நிற்பதை நீக்க வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து அதன் பிற பொருள்கள் கிளைத்தன. இன்றைய வழக்கில் முதன்மையானவை வருமாறு:

* ஐயத்தைக் கிளியர் செய்தல்: தெளிவுபடுத்துதல்.
* தேர்வைக் கிளியர் செய்தல்: தேர்ச்சி பெறுதல்.
* கடனைக் கிளியர் செய்தல்: அடைத்துத் தீர்த்தல்.
* காசோலை கிளியர் ஆதல்: பணம் உரிய கணக்கில் சேர்தல்.
* சரக்கு சுங்கத்தில் கிளியர் ஆதல்: தீர்வை செலுத்தி வெளியே எடுக்க அனுமதி பெறுதல்.
* திட்டத்தைக் கிளியர் செய்தல்: ஒப்புதல் அளித்தல். 'சுற்றுச்சூழல் கிளியரன்ஸ்' இவ்வகையைச் சேர்ந்தது.
* குற்றச்சாட்டிலிருந்து ஒருவரைக் கிளியர் செய்தல்: குற்றமற்றவர் என அறிவித்தல்.
* 'கிளியர் டைட்டில்': வில்லங்கம் இல்லாத சொத்துரிமை.
* நிலத்தைக் கிளியர் செய்தல்: அதன்மேல் உள்ளவற்றை அப்புறப்படுத்துதல்.

தாராவிக்குக் கிழக்கிலும் மேற்கிலும் ஓடும் புறநகர் இரயில் தடங்களிலும் இச்சொல் வாழ்கிறது. 'லைன் கிளியர்' என்பது, முன்னுள்ள தடத்தில் வேறு வண்டி இல்லை, இந்த வண்டியை அனுப்பலாம் என்ற உறுதிமொழி. தடம் வெறுமையாக இருப்பதும் அனுமதி கிடைப்பதும் அங்கே ஒரே சொல்லில் இணைந்துவிடுகின்றன.

பட்டியலில் உள்ள பொருள்களில் கடைசி ஒன்றைத் தவிர மற்றவை பெரும்பாலும் அந்தச் செயலுக்கு உள்ளாகும் மனிதருக்கு நன்மை தருபவை. தேர்வு, கடன், காசோலை, வழக்கு என எதில் 'கிளியர்' ஆனாலும் சுமை குறைகிறது. ஆகவே அன்றாடப் பேச்சில் இச்சொல்லுக்கு இனிய ஒலி ஏறிவிட்டது. நிலத்தைப் பற்றிய அறிவிப்பிலும் அந்த இனிமை ஒட்டிக்கொண்டு வருவதுதான் சிக்கல்.

இலக்கணம் மறைக்கும் மனிதர்

'கிளியர்' என்ற வினைக்கு இரண்டு விதமான செயப்படுபொருள்கள் அமையக்கூடும். நீக்கப்படும் பொருளும் அதற்குச் செயப்படுபொருளாகலாம். நீக்கப்பட்டபின் எஞ்சும் இடமும் ஆகலாம். மேசைமேல் இருக்கும் தட்டுகளையும் 'கிளியர்' செய்யலாம். மேசையையும் 'கிளியர்' செய்யலாம். முதல் வாக்கியத்தில் தட்டுகள் கண்ணுக்குத் தெரிகின்றன. இரண்டாவதில் மேசை மட்டுமே தெரிகிறது.

நிலத்துக்கும் இது பொருந்தும். 'குடிசைகள் கிளியர் செய்யப்பட்டன' என்று எழுதினால் இடிக்கப்பட்டது எது என்று தெரிகிறது. 'நிலம் கிளியர் செய்யப்பட்டது' என்று எழுதினால் குடிசையும் அதில் வாழ்ந்தவரும் வாக்கியத்திலேயே இடம்பெறுவதில்லை. செயப்பாட்டு வினையாக அமைவதால் அதைச் செய்தவர் யார் என்பதும் மறைந்துவிடுகிறது.

தமிழில் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. பொருளை 'அகற்றுகிறோம்', இடத்தைக் 'காலி செய்கிறோம்'. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. 'வீட்டைக் காலி செய்தார்' என்றால் குடியிருந்தவரே வெளியேறினார் என்று பொருள். வேறொருவர் வெளியேற்றினால் அது 'காலி செய்ய வைத்தல்' அல்லது 'வெளியேற்றுதல்' ஆகும். ஆங்கிலத்தின் ஒரு சொல்லைத் தமிழாக்கும்போது, யார் செய்தது, எதற்குச் செய்தது என்ற இரண்டு வினாக்களுக்கும் விடை கண்டாக வேண்டும். மூல ஆவணம் அதைச் சொல்லாதபோது மொழிபெயர்ப்பு ஊகமாகிவிடும்.

சட்டத்தின் மொழி: ஒரு பெயர், மூன்று உருவம்

'ஸ்லம் கிளியரன்ஸ்' என்ற தொடர் பிரிட்டனின் வீட்டுவசதிச் சட்டங்களிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. அந்நாட்டின் 1930ஆம் ஆண்டுச் சட்டம் நெரிசலான பகுதிகளை இடித்து அங்கிருந்தவர்களுக்கு மாற்று வீடு வழங்கும் பெரும் முயற்சிக்கு அடித்தளமிட்டது. இந்திய நாடாளுமன்றம் 1956இல் குடிசைப்பகுதிகள் பற்றி இயற்றிய சட்டத்தின் பெயரிலும் 'கிளியரன்ஸ்' இடம்பெற்றது. மகாராஷ்டிரம் 1971இல் இயற்றிய சட்டத்தின் பெயரில் மேம்பாடு, கிளியரன்ஸ், மறுசீரமைப்பு என மூன்று சொற்கள் வரிசையாக நிற்கின்றன.

அச்சட்டம் 'கிளியரன்ஸ் பகுதி' என்பதற்குத் தெளிவான பொருள் தருகிறது: ஒரு பகுதியின் நிலையைச் சீராக்க அங்குள்ள கட்டடங்கள் அனைத்தையும் இடிப்பதே தகுந்த வழி எனக் கருதப்பட்டால், அது கட்டடங்கள் நீக்கப்பட வேண்டிய பகுதியாக அறிவிக்கப்படலாம். சட்டத்தின் வாசகப்படி அகற்றப்படுபவை கட்டடங்கள், மனிதர்கள் அல்லர். குடியிருப்போரின் உரிமைகளுக்கும் மறுவாழ்வுக்கும் தனி விதிகள் உள்ளன.

மொழி மாறும்போது இச்சொல் என்னவாகிறது என்பது கவனிக்கத்தக்கது. மராத்தியில் இச்சட்டத்தின் பெயரில் 'கிளியரன்ஸ்' என்ற இடத்தில் 'நிர்மூலன்' என்ற சொல் நிற்கிறது. வேரோடு களைதல் என்பது அதன் நேர்ப்பொருள். நோய் ஒழிப்புத் திட்டங்களுக்கும் மராத்தியில் அதே சொல் வழங்குகிறது. தமிழில் 'நிர்மூலமாக்குதல்' என்றால் அடியோடு அழித்தல். எனவே மராத்திப் பெயரைப் பார்க்கும் தமிழ் வாசகருக்கு அது ஆங்கிலப் பெயரைவிடக் கடுமையாகவே ஒலிக்கும்.

தமிழ்நாடு வேறு வழியில் சென்றது. 1970இல் தொடங்கப்பட்ட வாரியத்தின் ஆங்கிலப் பெயரில் 'ஸ்லம் கிளியரன்ஸ்' இருந்தது. தமிழ்ப் பெயரோ 'குடிசை மாற்று வாரியம்'. அகற்றுதல் என்ற பொருளைக் கைவிட்டு, குடிசை வேறொன்றாக மாறும் என்ற வாக்குறுதியை அப்பெயர் ஏந்தியது. 2021இல் இரு மொழிப் பெயர்களும் மாற்றப்பட்டு, அது தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. அரை நூற்றாண்டுக்குப் பின் ஆங்கிலப் பெயரிலிருந்தும் 'கிளியரன்ஸ்' விடைபெற்றது.

ஒரே வகைத் திட்டத்தை ஆங்கிலம் 'நீக்குதல்' என்றும், மராத்தி 'வேரறுத்தல்' என்றும், தமிழ் 'மாற்றுதல்' என்றும் பெயரிட்டிருக்கின்றன. ஆயினும் பெயர் மென்மையானது என்பதற்காகச் செயல் மென்மையாகிவிடுவதில்லை. சென்னையின் நடுப்பகுதியிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்ட குடும்பங்கள், பணியிடமும் பள்ளியும் தொலைவாகிவிட்டன என்று முறையிட்டதும் 'மாற்று' என்ற சொல்லின் கீழ்தான்.

மாட்டுங்காவை உருவாக்கிய 'மேம்பாடு'

மும்பைக்கு இந்தச் சொல்லாட்சி புதிதன்று. 1896இல் நகரில் பிளேக் நோய் பரவியதைத் தொடர்ந்து, 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை நிறுவப்பட்டது. நெரிசலான பழைய பகுதிகளில் கட்டடங்களை இடித்து அகலமான சாலைகளை அமைத்த அந்த அமைப்பு, வடக்கே தாதர், மாட்டுங்கா பகுதிகளில் திட்டமிட்ட புறநகரை உருவாக்கியது. அலுவலகப் பணிகளுக்காக நகரத்துக்கு வந்த தென்னிந்தியக் குடும்பங்கள் பலவும் மாட்டுங்காவில் குடியேறின. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் தோன்றியதும் அந்தச் சூழலில்தான்.

அங்கிருந்து சிறிது தொலைவில் தாராவி வேறு விதமாக வளர்ந்தது. கோலி மீனவர்களின் ஊராக இருந்த அவ்விடத்துக்குத் தோல் பதனிடும் தொழில் வந்தது. அத்தொழிலோடு திருநெல்வேலிப் பகுதித் தமிழர்களும் வந்தனர். மாட்டுங்காவில் தெருக்கள் வரைபடத்தில் முதலில் தோன்றி, மக்கள் பின்னர் வந்தனர். தாராவியில் மக்கள் முதலில் வந்தனர். சதுப்பு நிலத்தை மேடாக்கி வீடு கட்டிக்கொண்டவர்களும் அவர்களே. அவ்வகையில், அந்த நிலத்தை முதலில் 'கிளியர்' செய்தவர்கள் அங்கே குடியேறிய உழைப்பாளர்கள்தாம்.

1985: ஒரு வாசகத்துக்கு நீதிமன்றம் தந்த பொருள்

வினைச்சொல் ஒன்றின் பொருளை உச்ச நீதிமன்றமே ஆராய நேர்ந்த வழக்கும் மும்பையில்தான் எழுந்தது. 1981இல் நடைபாதைவாசிகளை வெளியேற்றும் நடவடிக்கையை மாநில அரசு மேற்கொண்டது. அதனை எதிர்த்துப் பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் உள்ளிட்டோர் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். மனுதாரர்களில் ஒருவர் வறட்சியால் வேலையிழந்து 1961இல் சேலத்திலிருந்து பம்பாய்க்கு வந்த தொழிலாளி. 1981 ஜூலை 23 அன்று அவருடைய குடிசை இடிக்கப்பட்டு, குடும்பத்தோடு சேலம் செல்லும் பேருந்தில் ஏற்றப்பட்டார் என்றும், வேலை தேடி மீண்டும் நகரத்துக்கே திரும்பினார் என்றும் தீர்ப்பு பதிவு செய்கிறது.

1888ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டம், பிரிவு 314, தெருவை ஆக்கிரமித்துள்ளவற்றை ஆணையர் 'முன்னறிவிப்பின்றி அகற்றச் செய்யலாம்' என்கிறது. முன்னறிவிப்பு தரவே தேவையில்லை என்பது இதன் பொருளா என்ற வினா எழுந்தது. தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான அமர்வு 1985 ஜூலை 10 அன்று விடையளித்தது. 'செய்யலாம்' என்பது அதிகாரம் அளிக்கும் சொல். 'முன்னறிவிப்பின்றியே செய்' என்று ஆணையிடும் சொல் அன்று. அவசரம் இருந்தாலன்றி, பாதிக்கப்படுவோர் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்று நீதிமன்றம் விளக்கியது. வாழ்வாதாரத்துக்கான உரிமை வாழ்வுரிமையில் அடங்கும் என்பதும் அத்தீர்ப்பில்தான் நிலைநாட்டப்பட்டது.

அதேவேளையில் பிரிவு 314 செல்லும் என்றே நீதிமன்றம் கூறியது. மழைக்காலம் முடிந்து 1985 அக்டோபர் 31 வரை அகற்றக் கூடாது என்றும், 1976 கணக்கெடுப்பில் பதிவானவர்களுக்கு மாற்றிடம் தர வேண்டும் என்றும் பணித்தது. கணக்கெடுப்பில் பெயர் இருப்பதும் இல்லாததும் மும்பையில் எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதை அன்றே அது உணர்த்தியது.

செம்பூர் அருகே: இடம் 'கிளியர்', மனிதர் எங்கே?

மும்பைக்குக் குடிநீர் கொண்டுவரும் தான்சா குழாய்களின் இருபுறமும் இருந்த குடியிருப்புகளை அகற்ற உயர் நீதிமன்ற உத்தரவின்படி நடவடிக்கை எடுக்கப்பட்டது. குடிநீரின் பாதுகாப்பு அதன் நோக்கம். அங்கிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்குச் செம்பூரை அடுத்த மாஹுலில் அடுக்குமாடி வீடுகள் ஒதுக்கப்பட்டன. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளை ஒட்டிய அப்பகுதியின் காற்று மாசால் நோயுறுவதாகக் குடியிருப்போர் தொடர்ந்து முறையிட்டனர். 2019 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம், மாஹுலுக்குச் செல்லுமாறு எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்றும், வேறு வீடோ வாடகைத் தொகையோ வழங்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது.

குழாய்ப் பாதையின் கணக்கில் இடம் 'கிளியர்' ஆகிவிட்டது. மக்களின் கணக்கில் எதுவும் தீரவில்லை. இடத்தை மட்டுமே செயப்படுபொருளாகக் கொண்ட வாக்கியம் எங்கே முடிகிறதோ, அங்கேதான் குடும்பங்களின் சிக்கல் தொடங்கியது.

583 உயிர்கள் கற்பித்த பாடம்

இச்சொல் ஏற்படுத்தும் குழப்பத்தின் மிகக் கொடிய விளைவு வான்வழிப் போக்குவரத்தில் நேர்ந்தது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குரிய தெனெரிஃபே தீவின் விமான நிலையத்தில், மூடுபனிக்கிடையே இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தனர். புறப்பட்டபின் செல்ல வேண்டிய வழித்தடத்துக்கான 'கிளியரன்ஸ்' மட்டுமே கே.எல்.எம். விமானத்துக்குத் தரப்பட்டிருந்தது. ஓடுபாதையிலிருந்து மேலெழும்பத் தனியாக இன்னொரு 'கிளியரன்ஸ்' தேவை. அது கிடைக்கும் முன்பே அவ்விமானம் ஓடத் தொடங்கிவிட்டது. வானொலித் தொடர்பில் ஏற்பட்ட இடையூறு உள்ளிட்ட வேறு காரணங்களும் விபத்துக்கு இருந்தன.

அதன்பின் வானொலி உரையாடலின் சொற்கள் திருத்தப்பட்டன. மேலெழும்புவதைக் குறிக்கும் 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை, அந்த அனுமதியைத் தரும்போதோ திரும்பப் பெறும்போதோ மட்டுமே பயன்படுத்த வேண்டும்; மற்ற நேரங்களில் 'டிபார்ச்சர்' என்றே சொல்ல வேண்டும் என்பது விதியாயிற்று. பல பொருள் தரும் சொல்லை ஒழிக்க இயலாது. எந்த அனுமதி என்பதைப் பக்கத்துச் சொல்லால் உறுதி செய்ய இயலும் என்பதே அங்கு கண்ட தீர்வு.

தாராவி ஆவணத்தில் எதைக் கவனிப்பது?

அதானி குழுமம் 80 விழுக்காடும் மகாராஷ்டிர அரசு 20 விழுக்காடும் பங்கு கொண்ட நிறுவனம் தாராவித் திட்டத்தைச் செயல்படுத்துகிறது. அறிவிக்கப்பட்ட விதிகளின்படி, 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசமாகக் கிடைக்கும். அதற்குப் பின் 2011 ஜனவரி 1 வரை வந்தோருக்குத் தாராவிக்கு வெளியே இரண்டரை இலட்சம் ரூபாய் விலையில் வீடு. மேல்தளத்தில் வசிப்போருக்கும் பின்னர் வந்தோருக்கும் வெளியே வாடகை வீடு, தவணையில் வாங்கிக்கொள்ளும் வாய்ப்புடன். ஆகவே 'கிளியர்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேறு வேறு முடிவு காத்திருக்கக்கூடும். அறிவிப்பை வாசிப்போர் நான்கு வினாக்களை எழுப்பிப் பார்ப்பது பயன் தரும்.

எது கிளியர் ஆகிறது? கோப்பு, தகுதி, உரிமைப் பத்திரம், கட்டடம், நிலம் ஆகியவற்றில் எதனோடு அவ்வினை சேர்ந்துள்ளது என்பதை முதலில் காண வேண்டும். திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் 'கிளியரன்ஸ்' கிடைப்பது வேறு. ஒரு குடும்பத்தின் தகுதி உறுதியாவது வேறு.

யார் செய்வது? வெளியேறும் பொறுப்பு குடியிருப்போருடையதா, இடிக்கும் அதிகாரம் அரசு அலுவலருடையதா என்பதை ஆவணம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

எப்போது? மாற்று வீடோ வாடகையோ தரப்படும் நாள் முன்னதா, இடத்தை ஒப்படைக்கும் நாள் முன்னதா என்பதைப் பார்க்க வேண்டும்.

எங்கே? மறுவாழ்வு என்ற சொல் தாராவிக்குள் வீட்டையும் குறிக்கலாம். வெளியே வீட்டையும் குறிக்கலாம்.

இதே கவனம் 'வெக்கேட்' என்ற சொல்லுக்கும் தேவை. வீட்டை 'வெக்கேட்' செய்தல் காலி செய்தல். நீதிமன்றம் தடையை 'வெக்கேட்' செய்தல் அத்தடையை நீக்குதல். இடிப்புக்கு இருந்த தடையை நீதிமன்றம் நீக்கியது என்ற செய்தி, வீடுகளைக் காலி செய்ய நீதிமன்றம் ஆணையிட்டது எனத் தவறாகப் பரவ ஒரு சொல்லே போதும். தடை நீங்குவதால் மட்டும் வெளியேற்றும் ஆணை பிறந்துவிடுவதில்லை.

தெளிவு என்ற சொல் தமிழுக்கு அயலானதன்று. திருக்குறளின் ஓர் அதிகாரத்துக்குத் 'தெரிந்து தெளிதல்' என்றே பெயர். ஒருவரை ஆராய்ந்து அறிந்தபின் நம்புதல் என்பது அதன் பொருள். கையெழுத்துக் கேட்டு வரும் தாளில் 'கிளியர்' என்ற சொல் இருந்தால், எது, யார், எப்போது, எங்கே என்ற நான்கு வினாக்களுக்கும் எழுத்தில் விடை பெற்றபின் ஒப்பமிடுவதே பாதுகாப்பானது.